விருந்தாளிகள் முன் நீட்டிய இலை

அத்தியாயம் 14

மலை அன்றும் முகம் காட்டவில்லை.

"ராத்திரி முழுக்க பஸ்ஸில உட்கார்ந்து வந்திருக்கோம்," என்றாள் மின்ஸா டீச்சர், விடுதி வாசலில் நின்று மேகத்தை முறைத்தபடி. "எங்க முவான்ஸா ஏரி எப்பப் போனாலும் இருந்த இடத்துல இருக்கும். உங்க மலை எங்கம்மா போயிருக்கு?"

"குளிருக்குப் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கு டீச்சர்," என்றாள் ஐகாயேலி. "சாயங்காலம் எழுந்திருக்கும்."

"டிக்கெட் வாங்கினாத்தான் எழுந்திருக்கும்னு நினைக்கிறேன். காசு விஷயத்துல கெட்டியான சாக்காக்காரங்க மலையாச்சே!"

கூட வந்திருந்த மூன்று டீச்சர்களும் கைதட்டிச் சிரித்தார்கள். வேனுக்குள் ஓட்டுநர் இருக்கையில் இருந்த காட்லிசனும் சிரித்துவிட்டான். தம்பி சிரிக்கிற சத்தம் கேட்டே பல நாளாகியிருந்ததால் ஐகாயேலி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவன் முகம் பழையபடி ஆகிவிட்டது.

மோஷி நகரத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மலை ஏறத் தெம்பிருக்காது. முழங்கால் வலி, மூச்சிரைப்பு, நேரமில்லை என்று ஆளுக்கொரு காரணம். அவர்களைத்தான் ஐகாயேலி கூட்டிப் போவாள். காலையில் மச்சாமே சரிவில் காப்பி வறுத்து இடிப்பதைப் பார்க்கலாம், மத்தியானம் அங்கேயே சாப்பாடு, அப்புறம் இறங்கி வந்து சமவெளியில் நீல நிற ஊற்றுக்குளத்தில் குளியல். காப்பி இடிப்பது அவளுடைய அப்பா எலிநாமி. வேன் ஓட்டுவது தம்பி. இப்படி மூன்று பேரும் சேர்ந்து நடத்தும் பிழைப்பு. ஆனால் அந்த மூன்று பேரும் ஒரே கூரைக்கடியில் நின்று ஏழு மாதமாகிறது.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு ஏன் என்று தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால், வாழைத் தோப்பின் ஓரத்தில் தாத்தாவின் கல்லறை இருக்கிறது. அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இசாலேச் செடிகள் நின்றன. சாக்காக்காரர்களுக்கு அது வெறும் செடி இல்லை. நிலத்தின் எல்லைக்கும் அதுதான், கல்லறைக்கும் அதுதான், மன்னிப்புக் கேட்டு நீட்டுகிற இலையும் அதுதான். அந்தச் செடிகள் மறைக்காமல் இருந்தால் அங்கே ஒரு பெஞ்சு போட்டு விருந்தாளிகளுக்கு மலையைக் காட்டலாம் என்று ஐகாயேலிக்குத் தோன்றியது. தம்பிக்குப் போன் செய்து வெட்டிவிடச் சொன்னாள்.

"அக்கா, அதுல இசாலே இருக்கு," என்றான் அவன்.

"தெரியும்டா. பின்னாடி வேற இடத்துல நட்டுக்கலாம். வெள்ளிக்கிழமை ஆள் வராங்க."

அன்று சாயங்காலம் அப்பா வந்து மொட்டையாகிக் கிடந்த கல்லறையைப் பார்த்தார். "யார் பண்ணது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அக்கா புருஷனைப் பறிகொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இந்தத் தொழிலைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, காட்லிசன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். "நான்தான்," என்றான். ஐகாயேலி கதவோரம் நின்றுகொண்டு வாயே திறக்கவில்லை. அப்பா மகனை வெளியே போகச் சொன்னார். இசாலேயை வெட்டிய கை இனி இசாலே இலையை நீட்டிக்கொண்டு தன் வாசலுக்கு வரவும் கூடாது என்றார்.

போன வாரம் தேவாலயத்து ஆள் மூலம் அப்பா அவனுக்குச் சொல்லியனுப்பியது அதைவிட மோசம். அவர்கள் வழக்கப்படி அப்பாவின் வீடு கடைசி மகனுக்கு. கிறிஸ்துமஸ் அன்று உறவெல்லாம் கூடி ஆடு அறுத்துப் பங்கு வைக்கும்போது காட்லிசனின் பங்கைப் பெரியப்பா மகன் கையில் கொடுக்கப்போகிறார். பங்கு போகிற கைக்குத்தான் வீடும் போகும்.

இன்றைக்குத் தேதி இருபத்திரண்டு.

வேன் கிளம்பியது. சாலை முழுக்கத் தார் எஸ் சலாம் வண்டிகள். அங்கே கடையும் உத்தியோகமுமாக இருக்கும் சாக்காக்காரர்கள் வருஷம் பூராவும் மலையை மறந்துவிட்டு, டிசம்பரில் மட்டும் குடும்பத்தோடு ஏறி வருவார்கள். காரின் தலையில் மெத்தை, பின்னால் பீர் பெட்டி, ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள். பின்னிருக்கையில் டீச்சர்கள் பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னிக்குச் சொல்லிடறேன்டா," என்றாள் ஐகாயேலி தணிந்த குரலில்.

"என்னத்தை?"

"தெரியாத மாதிரி கேட்காதே."

"கேட்கல. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இதையேதான் சொல்றே. இறங்கும்போது நானும் எதுவும் கேட்கறதில்ல."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வழி சொல்கிற மாதிரி சொன்னான்.

"இன்னிக்கு நிஜமா."

"சரிக்கா. அந்த டீச்சருக்கு முழங்கால் வலியாம். மெதுவா கூட்டிட்டுப் போ."

தேவாலயத்தைத் தாண்டி ஒரு வளைவு. அங்கே வேன் நின்றது. அதற்கு மேல் காட்லிசன் வரமாட்டான். முதல் மாதம் ஒரு தடவை துணிந்து வாசல்வரை போனான். "ஷிகாமூ, அப்பா," என்றான். பெரியவர்களை வணங்குகிற அந்த வார்த்தைக்கு "மரஹபா" என்று பதில் சொல்லியே ஆகவேண்டும். பிடிக்காதவனுக்கும் சொல்வார்கள், ஜன்மப் பகையாளிக்கும் சொல்வார்கள். அப்பா மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அவன் வளைவோடு சரி.

டீச்சர்கள் நால்வரும் மூச்சு வாங்கியபடி மேட்டில் ஏறினார்கள். வாய்க்கால் ஓரமாக நடந்து வாழைத் தோப்புக்குள் நுழைந்ததும் உரல் சத்தம் கேட்டது.

எலிநாமிக்கு எழுபது வயது. ரப்பர் பூட்ஸ், பித்தான் அறுந்த கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. விருந்தாளிகளைக் கண்டால் மனுஷருக்கு இருபது வயது குறைந்துவிடும். காப்பிக்கொட்டையை உரலில் போட்டு, பாட்டுக் கட்டி, ஆளுக்கொரு உலக்கையைக் கொடுத்து இடிக்க வைத்தார். கபூலா டீச்சர் தாளம் தப்பி இடித்தபோது, "முவான்ஸாவில மீனைத்தான் இடிப்பீங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். தோலைப் புடைத்து, கொட்டையைச் சட்டியில் வறுத்து, மறுபடி இடித்து, சலித்து, கொதிக்க வைத்துக் கோப்பைகளில் ஊற்றினார். மொத்தம் ஆறு கோப்பை.

"நாங்க நாலு பேர், உங்க மகள் ஒண்ணு," என்று எண்ணினாள் மின்ஸா டீச்சர். நாற்பது வருஷம் வகுப்பில் தலை எண்ணிய பழக்கம். "ஆறாவது யாருக்கு? உங்களுக்கா?"

"நான் குடிக்கறதில்ல, நெஞ்செரியும்," என்றார் எலிநாமி. "அது டிரைவருக்கு. பாவம், கீழே குளிர்ல இருப்பான்."

டிரைவர் யாரென்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருநாளும் பேரைச் சொன்னதில்லை. ஐகாயேலி ஒவ்வொரு தடவையும் அதை மூடி எடுத்துப் போவாள். காட்லிசன் தொடமாட்டான். அவள் சாலையோரம் கொட்டிவிட்டு, "குடிச்சான் அப்பா," என்பாள். அப்பா தலையாட்டிவிட்டு மாட்டைப் பார்க்கப் போவார். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று என்று அவளே ஒருநாள் எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

மச்சலாரி சாப்பிட்டு முடித்தார்கள். வாழைக்காயும் மாட்டிறைச்சியும் குழைய வெந்த மணம் கையை விட்டுப் போகவில்லை. கடைசியாக எப்போதும் நடக்கிற விளையாட்டு ஒன்று பாக்கி இருந்தது. விருந்தாளிகளுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். எலிநாமி வாசலோரச் செடியிலிருந்து நீளமான இலை ஒன்றைப் பறித்து வந்தார்.

"இதுக்குப் பேர் இசாலே. நீங்க எனக்கு ஒரு கெடுதல் பண்ணிட்டீங்கன்னு வெச்சுக்குவோம். என் ஆட்டைத் திருடிட்டீங்க, இல்ல என் பிள்ளையை அடிச்சிட்டீங்க. நான் உங்க முகத்துலயே முழிக்கறதில்ல. ஒருநாள் இந்த இலையில முடிச்சுப் போட்டுக்கிட்டு வந்து நீட்டறீங்க. நான் முடியாதுன்னு சொல்ல முடியாது. சொன்னா ஊர் காறித் துப்பும். கையில வாங்கிட்டா அதோட சரி. அந்தக் குத்தத்தைப் பத்தி அப்புறம் ஒரு பேச்சு வரக்கூடாது."

"எவ்வளவு நல்ல மனுஷங்க!" என்றாள் கபூலா டீச்சர் கண்கலங்கி.

ஐகாயேலி தரையைப் பார்த்தாள். வாரத்துக்கு மூன்று நாள் அப்பா இதே வார்த்தைகளைச் சொல்கிறார். சொல்லும்போது அவருக்கே ஒன்றும் உறுத்தாதா என்று அவள் ஏங்காத நாளில்லை. உறுத்தும்போல்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் அந்த இடம் வரும்போது அவர் வேகமாகப் பேசினார்.

கபூலா டீச்சர் முதலில் ஆடினாள். "ஐயா, உங்க தோப்புல ஒரு வாழைப்பழம் திருடிட்டேன்." எலிநாமி இலையை வாங்கிக்கொண்டு, "ஒண்ணுதானா? மூணு பார்த்தேனே!" என்றார். ஒரே கூத்து. அடுத்தவள் காப்பித் தூளைக் கைப்பையில் போட்டுக்கொண்டதாக ஒப்புக்கொண்டாள்.

"உங்க மகளும் ஒரு தடவை ஆடட்டுமே," என்றாள் மின்ஸா டீச்சர். "எங்ககிட்ட என்ன குத்தம் இருக்கப்போகுது? பெத்த பிள்ளைங்க பண்ணாததா?"

"வா, வா," என்றார் அப்பா உற்சாகமாக. "சின்ன வயசுல சர்க்கரை திருடுவியே, அதைச் சொல்லு."

ஐகாயேலி கைக்கு ஒரு புது இலை வந்தது. முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு நழுவிவிட்டது. மறுபடி போட்டாள். முழங்காலிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அப்பா, தாத்தா கல்லறையில இருந்த இசாலேயை வெட்டச் சொன்னது நான். தம்பி வேண்டாம்னுதான் சொன்னான். நான் கேட்கல."

அப்பாவின் முகத்தில் விளையாட்டுச் சிரிப்பு அப்படியே நின்றது. கபூலா டீச்சர், "ஆகா, என்னமா நடிக்கிறா!" என்று கைதட்டினாள். மின்ஸா டீச்சர் அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நான் கேட்டப்ப நீ எங்க நின்னுட்டிருந்தே?" என்றார் அப்பா.

"கதவோரமா."

"அவன் 'நான்தான்'னு சொன்னப்ப?"

"அங்கதான் நின்னேன்."

"ஏன் பேசல?"

"பயம்பா. நீங்க என்னைத் துரத்திட்டா எனக்குன்னு வேற என்ன இருக்குன்னு நினைச்சேன். அவன் ஆம்பளைப் பிள்ளை, எப்படியும் பிழைச்சுக்குவான்னு நினைச்சேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன்."

அவர் கைகள் விளையாட்டுக்காக முன்பே நீட்டியபடி இருந்தன. மடக்கிக்கொள்வாரா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாடு ஒரு தடவை கத்தியது. உள்ளே சட்டியில் ஏதோ தீய்ந்த வாடை.

எலிநாமி இலையை வாங்கிக்கொண்டார்.

வாங்கியபின் மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் கூடாது. எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். கல்லறையைச் சுற்றி அவரே மறுபடி நட்ட இசாலேக் கன்றுகள் இப்போதுதான் இடுப்பளவு வந்திருந்தன. அதில் ஒரு இலையைக் கிள்ளினார். முடிச்சுப் போட்டார். ஐகாயேலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பன் மகனுக்கு இசாலே நீட்டியதாக அந்தச் சரிவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அப்பா, நான் போய் அவனைக் கூட்டிட்டு வரேன்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைத்தடியைக்கூட எடுக்காமல் மேட்டில் இறங்க ஆரம்பித்தார். அவள் பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் டீச்சர்களும், முழங்கால் வலியெல்லாம் மறந்து.

காட்லிசன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா வருவதைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

"ஷிகாமூ, அப்பா."

"மரஹபா."

ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த பதில். அந்த ஒரு வார்த்தையில் அவன் உதடு கோணிக்கொண்டது. ஆனால் அப்பா இரண்டு கையாலும் இலையை நீட்டியபோது அவன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்குடா," என்றாள் ஐகாயேலி. "நான் சொல்லிட்டேன். எல்லாம் சொல்லிட்டேன்."

"புரியுது. அதான் அப்பா இங்க வந்திருக்கார்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "நான் இதை வாங்க மாட்டேன்பா."

"இசாலே நீட்டினா வாங்கித்தான் ஆகணும்," என்றார் எலிநாமி. "உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வாங்கிட்டா இதைப் பத்தி நான் எதுவும் பேசக்கூடாதுன்னும் தெரியும். எனக்குப் பேச வேண்டியது இருக்குப்பா. யார் பண்ணதுன்னு கேட்டீங்க. ஏன்டா பண்ணேன்னு ஒரு தடவை கேட்டீங்களா? செடியை வெட்டுற புத்தி என் பிள்ளைக்கு எப்படி வந்துதுன்னு யோசிச்சீங்களா? ஏழு மாசமா இந்த வளைவுல உட்கார்ந்து உங்க உரல் சத்தத்தைக் கேட்டுட்டிருந்தேன். வெள்ளைக்காரன், முவான்ஸாக்காரன், எல்லாருக்கும் மன்னிப்பைப் பத்திக் கதை சொன்னீங்க. சிரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேட்கும்."

எலிநாமியின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஊருக்குள் போகிற தார் எஸ் சலாம் கார் ஒன்று வேகத்தைக் குறைத்து, உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் கால் மணி நேரத்தில் மச்சாமே முழுக்கத் தெரிந்துவிடும்.

அப்பா மெல்லக் கையை இறக்கினார். வேனைச் சுற்றிக்கொண்டு போய் முன் கதவைத் திறந்தார். பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்தார். இலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓட்டு," என்றார்.

"எங்கே?"

"நீ பேசி முடிக்கிற வரைக்கும் எங்கேயாவது."

காட்லிசன் கீழே கிடந்த துணியை எடுத்து உதறினான். பிறகு ஏறினான். வண்டியைக் கிளப்பும் முன் ஜன்னல் வழியாக அக்காவை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். விடுதி வாசலில் யாரோ ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தான். வேன் வளைவில் திரும்பி மறைந்தது.

"அப்ப ஊற்றுக்குளம்?" என்றாள் கபூலா டீச்சர் பாவமாக.

"குளமும் வேண்டாம், குளியலும் வேண்டாம், பேசாம இரு," என்றாள் மின்ஸா டீச்சர். ஐகாயேலியின் தோளில் கை வைத்தாள். "அழாதேம்மா. நல்ல காரியம்தான் பண்ணே. அப்பா வாங்கிக்கிட்டாரே."

"ஆமா டீச்சர்."

"நீ அப்பாவுக்குக் கொடுத்தே. அப்பா தம்பிக்குக் கொடுக்க வந்தார்." டீச்சர் கணக்குப் போடுகிறவள்போல் விரலை மடக்கினாள். "நீ தம்பிக்குக் கொடுத்தியா?"

ஐகாயேலி வேன் போன வளைவைப் பார்த்தாள். ஏழு மாதமாக அவள் பயந்ததும் புழுங்கியதும் அப்பாவை நினைத்துத்தான். தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. அவன்தான் தம்பியாயிற்றே, கேட்காமலே கொடுத்திருப்பான் என்று தினமும் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"இல்ல டீச்சர்."

"அப்ப போய் ஒரு இலை பறிச்சு வை. வண்டி திரும்பி வந்ததும் கொடு. கொடுத்தா வாங்கித்தானே ஆகணும்?"

காலையில் கேட்டிருந்தால் ஐகாயேலி கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றிருப்பாள்.

"தெரியல டீச்சர்," என்றாள்.